கல்யாணப் பூட்சும் கொழும்புக் கடைகளும்

ஊர் பார்க்கப் போகிறவர்கள் வேறு, கடை பார்க்கப் போகிறவர்கள் வேறு. நாங்கள் கொழும்புக்குப் போனது சந்தேகமில்லாமல் கடை பார்க்கத்தான். பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி, பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் புறப்பட்டோம். எந்தக் கிழமை எந்தத் தெரு என்பதைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தே நான் முடிவு செய்துவிட்டேன். துணிக்கு ஒரு நாள், பீங்கானுக்கு ஒரு நாள், கடிகாரத்துக்கு ஒரு நாள். "கொழும்புல சமுத்திரம் இருக்காமே ஏளா, அதுக்கு எந்தக் கிழமை?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. நான் பெண் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. எங்களோடு வந்த மூன்றாவது ஆள் அவருடைய தங்கை ஜெபமணி. அவளுக்குத்தான் ஆகஸ்டு மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாத்தியார். அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு ஜெபாவும் அங்கேயே வேலை பார்க்கலாம் என்று பேசியிருந்தார்கள்.

ஜெபாவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. இடது கால் மட்டும் அதன் பிறகு சரியாக வளரவில்லை. வலது காலைவிட அது குட்டை. ஒவ்வொரு எட்டுக்கும் தோள் ஒருபக்கம் இறங்கி ஏறும். இதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கல்யாணம் நிச்சயமான அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "மதினி, கோயில்ல வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு பார்ப்பாங்கல்லா?" என்று கேட்டாள். பார்ப்பார்கள்தான். அதற்குத்தானே கல்யாணத்துக்கு வருகிறார்கள். அன்றுமுதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மிஷன் பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்திருந்தாள். ஆராதனையன்று கோவிலின் நடுவழியே நேராக நடந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு கால் குட்டை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பூட்சுக்கு மட்டும் அடித்தோல் தடிமனாக வைத்துத் தைத்திருந்தார்கள். பாவாடை தரை வரைக்கும் தொங்கியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விசாரித்ததில், கொழும்பில் இப்படித் தைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். அவ்வளவுதான். கல்யாணச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகிறோம் என்று தெருவெல்லாம் சொன்னேன். முதல் சாமான் எதுவென்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

தெருவும் சும்மா விடவில்லை. ஆளுக்கொன்று சொல்லியனுப்பினார்கள். ஒருத்திக்கு ஊசி, ஒருத்திக்குச் சவுக்காரம், எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு மீசைக்குப் பூசுகிற ஏதோ ஒரு மெழுகு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. அது தூரத்தில் கடலுக்குள்ளேயே நிற்கும். நாம்தான் நீராவிப் படகில் அதைத் தேடிப் போக வேண்டும். படகில் ஏறுமுன் டாக்டர் ஒருவர் எல்லாருடைய நாக்கையும் பார்த்தார். ஜெபா நடந்து வந்ததைப் பார்த்து, "தோட்ட வேலைக்கா? இந்தக் காலை வச்சுக்கிட்டு மலையில ஏற முடியாதே" என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க சாமான் வாங்கப் போறோம்" என்று கச்சேரியில் பேசுகிற தோரணையில் சொன்னார். டாக்டர் அதற்குள் அடுத்தவர் நாக்குக்குப் போய்விட்டார்.

படகு அலையில் ஏறி இறங்கியதில் என் வீட்டுக்காரருடைய குடை கடலுக்குப் போயிற்று. அதைப் பிடிக்க எழுந்தவரை நானும் ஜெபாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்காரவைத்தோம். குடை விரிந்தபடியே மிதந்துகொண்டு தூத்துக்குடிப் பக்கமே திரும்பிப் போனது. "அதுக்கு இருக்க புத்தி நமக்கில்ல" என்றார் அவர்.

கப்பலின் மேல்தட்டில் பாயை விரித்து உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற குடும்பங்கள். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண், சங்கரன்கோயில் பக்கத்துக்காரி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். கடைக்குப் போகிறோம் என்றேன். "கடையில என்ன வேலை?" என்றாள். வேலைக்கில்லை, வாங்குவதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருநெல்வேலி டவுணில் வாங்கிய அல்வாவில் கொஞ்சம் கிள்ளி அவள் பிள்ளைக்குக் கொடுத்தேன். ஒரே தட்டில், ஒரே காற்றில் போகிறோம். அவள் வயிற்றுப்பாட்டுக்குப் போகிறாள், நான் பீங்கான் கோப்பைக்குப் போகிறேன். அந்த நினைப்பு என்னைக் கொஞ்ச நேரம் அடக்கமாக இருக்கவைத்தது. பிறகு கப்பல் ஆட ஆரம்பித்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வாந்தி வந்தது.

விடிந்தபோது கொழும்பு தெரிந்தது. இங்கே கடலுக்குள் நீளமாகச் சுவர் கட்டிக் கப்பல்களை உள்ளே இழுத்து வைத்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அலை அடிக்கிறது, அந்தப் பக்கம் குளம்போலத் தண்ணீர் கிடக்கிறது. எங்கள் ஊரில் ஆற்றைக் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கடலையும் கட்டத் தெரிந்திருந்தால் அந்தக் குடை பிழைத்திருக்கும்.

துறைமுகத்தில் ரூத் அக்கா காத்திருந்தாள். அவள் எங்கள் தெருவில் பிறந்தவள். அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கொட்டாஞ்சேனையில் குடியேறிப் பல வருஷமாகிவிட்டது. எங்களைப் பார்த்ததும் முதலில், "பாளையங்கோட்டையில மழை உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "இங்கன வேணாங்குற அளவு பெய்யுது. போகும்போது கொஞ்சம் கட்டிக் கொண்டுபோங்க" என்றாள். அவள் சொல்லி முடிக்குமுன் மழை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போக ரிக்‌ஷா பிடித்தாள். மனிதன் இழுக்கிற வண்டி. நாங்கள் பெண்கள் ஏறிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் தனக்கென்று பிடித்த வண்டியில் ஏற மாட்டேன் என்றார். மனுசன் இழுக்க மனுசன் உட்காருவதா என்று கேட்டார். வண்டிக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ரூத் அக்கா சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்: "ஏறாட்டி எம் பொழப்பு என்னாகும்னு கேக்குதாரு." கடைசியில் வண்டியில் எங்கள் பெட்டி ஏறிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கொட்டும் மழையில் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். வண்டிக்காரர் வழியெல்லாம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ரூத் அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் விருந்துச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, காய்கறியெல்லாம் போட்டு, பெண் வீட்டுக்காரர்கள் கௌரவத்துக்குச் செய்வது. இங்கே அது தினசரிக் காலையில் தண்ணீர்போல ஓடுகிறது. கூடவே மாசிக் கருவாடு இடித்துப்போட்ட சம்பல். முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. வெல்லம் என்று ஒன்று தந்தாள். கித்துல் என்று பனைபோல ஒரு மரம், அதன் கருப்பட்டி. எங்கள் பனங்கருப்பட்டியைவிட இளக்கமாக, வாயில் வைத்ததும் கரைகிறது. "எங்க ஊர்க் கருப்பட்டி மாதிரி வருமா?" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் மூன்று துண்டு தின்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ரூத் அக்காவையும் கூட்டிக்கொண்டு செருப்புத் தைக்கிறவரிடம் போனோம். புறக்கோட்டையில் ஒரு சந்துக்குள் கடை. பறங்கிக் கிழவர். பாதித் தமிழும் பாதி வேறு பாஷைகளும் பேசினார். பெண்களுக்கு அளவெடுப்பது அவருடைய மனைவி. அந்த அம்மாள் ஜெபாவை முக்காலியில் உட்காரவைத்து, காலைத் தன் மடியில் வைத்து, நூலால் சுற்றி அளந்தாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, இடது பாதத்துக்கடியில் தோல் துண்டுகளை ஒன்றொன்றாக அடுக்கினாள். ஒவ்வொரு துண்டுக்கும் எங்கள் மூன்று பேரின் கண்ணும் ஜெபாவின் தோளில் இருந்தது. தோள் மெதுவாக ஏறியது. கடைசித் துண்டை வைத்ததும் இரண்டு தோளும் சமமாக நின்றன.

அவள் என்னைவிட உயரம். ஒரே தெருவில் கூடவே வளர்ந்த எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. அவளுடைய அண்ணன் கடைக்கு வெளியே போய், வராத டிராமை எதிர்பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்துக்கு" என்று சொன்னோம். கிழவரின் முகம் மலர்ந்தது. மெல்லிய வெள்ளைத்தோலில், குதிகால் ஒடுக்கமாக, சேலைக்குக் கீழே தெரியாதபடி செய்து தருகிறேன் என்றார். சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

சனிக்கிழமைவரை கடைகள்தான். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாகக் கால் வலித்ததில்லை. டவுணில் ரத வீதியைச் சுற்றி வந்தால் துணி, பாத்திரம், நகை எல்லாம் முடிந்துவிடும். வண்ணார்பேட்டையில் மீதி. இங்கே ஒரு தெரு முழுக்கத் துணி. அதற்கடுத்த தெரு முழுக்கப் பீங்கான். ஜப்பான் பட்டு, சீனக் கோப்பை, சீமைச் சவுக்காரம். செட்டித் தெருவுக்குள் நுழைந்தால் எல்லாம் நம் பாஷை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பேசுவது பாட்டுப்போல இருந்தது. எங்கள் பேச்சைக் கேட்டு அவர் சிரித்தார், அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். கோப்பை உடையாமலிருக்க வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். ஊர்வரை ஒன்றும் உடையவில்லை. நல்ல மனுஷர்.

குடை வாங்கக் கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் கடைக்குப் போனோம். பேரம் பேசுவதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு முறை உண்டு. பாதி விலை கேட்பார். தரமாட்டேன் என்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பைய வாசலைப் பார்த்து நடப்பார். டவுணில் என்றால் அவர் மூன்றாவது தூணைத் தாண்டுமுன், "அண்ணாச்சி, இங்கன வாங்க, ஏன் கோவிச்சுக்கிடுதிய" என்று பின்னாலேயே குரல் வரும். இங்கேயும் பாதி கேட்டார். பைய நடந்தார். கடைச் சிப்பந்தி அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தலை வணங்கி, காலை வந்தனம் சொல்லி அனுப்பிவைத்தார். வெளியே மழை கொட்டுகிறது. குடையில்லாத மனிதர் கடைவாசலில் நனைந்துகொண்டு யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்கிறார். கண்ணாடிக்கு உள்ளே ஜெபாவும் நானும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். கடைசியில் எழுதியிருந்த விலைக்கே வாங்கினார். அந்தக் குடையை ஊரில் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

இன்னொரு நாள் ரூத் அக்கா கூட இருந்தும் டிராம் மாறி ஏறிவிட்டோம். கிராண்ட்பாஸ் போக வேண்டியவர்கள் பொரளைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் இரண்டு சிங்களப் பெண்கள் ஜெபாவைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். ரூத் அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலப் பத்தியா பேசுதாங்க?" என்றேன். "இல்லட்டி, அவ மூக்குத்தி இல்லாம அழகா இருக்காளேன்னு பேசுதாங்க" என்றாள். ஜெபா ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்கள் இறங்கும்போது ஒருத்தி பையிலிருந்து மயிரடர்ந்த சிவப்புப் பழங்களை அள்ளி ஜெபாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ரம்புட்டான். பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. உள்ளே நுங்குபோல வெள்ளையாக, இனிப்பாக இருந்தது.

சனிக்கிழமை பூட்ஸ் வந்தது. அந்த வெள்ளையை நான் என்னவென்று சொல்ல. பிச்சிப்பூ வெள்ளை. வலதுக்கும் இடதுக்கும் மேலே வித்தியாசமே இல்லை. கீழே மட்டும் இடதில் தோல் அடுக்கு. ஜெபா போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு வைத்தாள். பிறகு சந்தின் முனைவரைக்கும் போய்த் திரும்பினாள். சேலை மறைத்திருந்தது. தோள் இறங்கவில்லை. யாரோ ஒரு பெண் நேராக நடந்து வருகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். ரூத் அக்கா, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் குதிகாலில் கொப்புளம் வந்திருந்ததை ஜெபா யாரிடமும் சொல்லவில்லை. நான் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கோவிலுக்குப் புறப்பட்டோம். கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று நான்தான் பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கோவில் வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ரூத் அக்காவும் நானும் எப்போதும் வெறுங்கால்தான். ஜெபா படியில் உட்கார்ந்து, குனிந்து, கயிற்றை அவிழ்த்தாள். ஒன்றைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். இரண்டையும் அண்ணனுடைய செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். வைத்த பிறகுதான் அவள் கை அப்படியே நின்றது.

அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் பூட்ஸைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன் வெறுங்காலைப் பார்த்தார்.

பிறந்ததிலிருந்து கோவிலுக்குள் ஒருநாளும் நாங்கள் செருப்போடு போனதில்லை. எங்கள் ஜனங்களில் யாரும் போனதில்லை. வாசலில் கழற்றுவது கைக்குத் தானாக வருகிற காரியம், அதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. துரைசானிகள் மட்டும் அவர்கள் வழக்கப்படி பூட்ஸோடு நடுவழியே போவார்கள். அதைப் பார்த்துத்தானே நாங்கள் புறப்பட்டது. கிறிஸ்துமஸிலிருந்து கொழும்புவரைக்கும் யோசித்த மூன்று பேருக்கும், கடல் தாண்டி வருகிறவரைக்கும், இந்தப் பூட்ஸ் கோவில் வாசலோடு நின்றுவிடும் என்று தோன்றவில்லை.

என்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தப் பிள்ளையின் ஆசையைக் கிளப்பி, கப்பல் ஏற்றி, கொப்புளம் வரவைத்து, கடைசியில் இப்படி நிறுத்திவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஜெபா, இங்கன கோட்டுப் போட்டவங்க ரெண்டு பேரு பூட்ஸோட உள்ள போறாங்க பாரு. நம்ம ஊர்லயும் நான் குருவானவர்கிட்ட கேக்குதேன். கல்யாணத்தன்னைக்கு ஒருநாள் மட்டும்னு கேக்குதேன். நம்ம சங்கடம் அவருக்குத் தெரியாதா?"

"வேண்டாண்ணே" என்றாள் ஜெபா.

"ஏன்?"

"எல்லாரும் வெறுங்காலோட நிக்கும்போது நான் ஒருத்தி மட்டும் பூட்ஸோட போனா, அவங்க வேற எதைப் பார்ப்பாங்க? எங்காலத்தானே பார்ப்பாங்க? அதுக்கு இப்படியே போயிருவேன்."

எழுந்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெறுங்காலோடு உள்ளே நடந்தாள். தோள் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போனது. இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பின்னால் போனேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளோ எல்லாப் பாட்டையும் புஸ்தகம் பார்க்காமல் பாடினாள்.

வீட்டுக்கு வந்தபின் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் என்னைத் தேற்ற வந்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. கோயில்ல நடக்குறது ஒருநாள். அதுவும் அந்தக் கொஞ்ச தூரம். மாப்பிள்ளை வீட்டுல என் நடையைப் பார்த்துட்டுத்தானே சரின்னாங்க? அவங்களுக்குப் புதுசா நான் எதையும் மறைக்க வேண்டாம். அதுக்கப்புறம் தினமும் ஆத்தங்கரையில இருந்து பள்ளிக்கூடம்வரைக்கும் நடக்கணும். வயக்காட்டு வழி. அதை நெனச்சுத்தான் எனக்குப் பயம். பாதி வழியிலேயே இடுப்பு விட்டுப்போகும். நான் வேலைக்கு வாரேன்னு சொன்னதை அவங்க நம்பியிருக்காங்க. வராம நின்னுட்டா என்ன செய்யன்னு அஞ்சாறு மாசமா எனக்கு அதேதான் யோசனை."

"இதை ஏன் முன்னாலயே சொல்லல?" என்றேன்.

"நீங்க கோயில், கோயில்னு அவ்வளவு ஆசையா இருந்தீங்க" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கடிகாரம் வாங்குவதாக நான் வைத்திருந்த நாள். அன்று கடிகாரக் கடைப் பக்கமே போகவில்லை. பறங்கிக் கிழவரின் சந்துக்குப் போனோம். ஜெபா பூட்ஸை அவர்முன் வைத்து, "இதை வரப்புல நடக்குத மாதிரி மாத்தித் தரணும்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் நின்றுவிட்டதோ என்று பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார். நாங்கள் கோவில் வாசல் கதையைச் சொன்னோம். அந்த அம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு ஜெபாவின் கன்னத்தைத் தடவினாள். புதன்கிழமை எங்களுக்குக் கப்பல் என்றதும் கிழவர் தலையைச் சொறிந்தார்.

"ஒடுக்கமான குதிகால் போகணும். அகலமா வைக்கணும். அடியிலே எருமைத்தோல், ஆணி. இந்த வெள்ளை ரெண்டு நாள் தாங்காது, கறுப்பு ஏத்தணும். சம்மதமா?" என்றார்.

"சம்மதம்" என்றாள் ஜெபா. கல்யாணத்தில் கேட்கும்போதுகூட அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தப் பிச்சிப்பூ வெள்ளைமேல் அவர் கறுப்பு மையைத் தேய்த்ததைப் பார்க்க முடியாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் பூட்ஸ் கையில் வந்தது. கறுப்பாக, கனமாக, போலீஸ்காரர் பூட்ஸ் மாதிரி இருந்தது. அவர்களுக்கு வேலை முடிக்க இரவு வெகுநேரம் ஆகியிருக்கும் என்று அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாற்றியதற்குத் தோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கூலி என்றதும் கிழவர் காது கேட்காதவர்போல இருந்துவிட்டார். கையில் வேறொன்றும் இல்லாததால் டவுண் அல்வாவில் மீதியிருந்ததை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் பெயரைச் சொல்லி இன்றைக்கும் ஜெபம் பண்ணுகிறேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. காலிமுகத்துக்குப் போனோம். கடலை ஒட்டி நீண்ட புல்வெளி. கோட்டு போட்டவர்கள், குழந்தைகள், குதிரை வண்டிகள், வேர்க்கடலை விற்கிறவர்கள். கொப்புளத்துக்குப் பழந்துணி சுற்றிக்கொண்டு ஜெபா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். அங்கே உட்காரவில்லை. திரும்பி நடந்து வந்தாள். இந்தப் பயணத்தில் சமுத்திரத்துக்கென்று நாங்கள் ஒதுக்கிய நேரம் அதுதான். என் வீட்டுக்காரர் கடலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இடுப்பு வலிக்கா?" என்று கேட்டேன். "கால்தான் வலிக்குது. இடுப்பு வலிக்கல" என்றாள், அதிசயப்பட்டவள்போல.

புதன்கிழமை ரூத் அக்கா அழுதுகொண்டே கப்பலேற்றிவிட்டாள். வீட்டில் எங்களுக்கென்று கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலத்தோடு, பாளையங்கோட்டையில் அவள் தம்பிக்கு என்று கித்துல் கருப்பட்டியும் கொடுத்தாள். அதில் பாதிதான் தம்பியிடம் போய்ச் சேர்ந்தது என்பதை என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். தூத்துக்குடியில் இறங்கியதும் காற்றில் அந்த உப்பும் கருவாடும் கலந்த வாசனை. கொழும்பில் எல்லாம் இருந்தது, இந்தக் காய்ந்த வெயில் மட்டும் இல்லை. முகத்தைத் தூக்கி வெயிலில் காட்டிக்கொண்டு நின்றேன்.

மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். நாங்கள் வந்த வண்டி தாமதமாகிவிட்டது. திருநெல்வேலி வண்டி அந்தப் பக்கம் புகைவிட்டுக்கொண்டு, இதோ புறப்படப்போகிறேன் என்று நின்றது. பீங்கான் பெட்டி, துணி மூட்டை, தெருவுக்கெல்லாம் வாங்கிய ஊசியும் சவுக்காரமும், குடை. கார்டு பச்சைக்கொடியை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தங்கைக்குக் கை கொடுக்கத் திரும்பினார். அவள் அங்கே இல்லை.

துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெபா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். போனாள் என்ன, ஓடினாள். நேர்த்தியான ஓட்டம் இல்லை. ஆணியடித்த பூட்ஸ் கல்லில் டக்டக்கென்று சத்தம் போட்டது. பிளாட்பாரத்தில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வண்டிப் பெட்டியை எட்டி, மூட்டையை உள்ளே எறிந்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"சீக்கிரம் வாங்க மதினி, வண்டி போயிரும்" என்று கூப்பிட்டாள்.

ஜெபாவிடம் நாங்கள் எல்லாரும் சொல்லுகிற வார்த்தை அது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, கோவிலுக்குப் போகும்போது, ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது, அவள் பின்னால் வர, முன்னால் போகிறவர்கள் திரும்பி நின்று சொல்லுவோம். அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றுதான். எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு நிறைந்துபோனதால் கர்த்தருக்குக்கூட ஒழுங்காக நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. பீங்கான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை எட்டிப்பிடிக்க ஓடினேன்.